விசிலுக்கு முன்பே ஓடியவள்

நடுவர் இன்னும் கடைசி விசிலை ஊதவில்லை. அதற்குள் மெஹ்ரி மைதானத்தின் படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எங்க போற? ஆட்டம் முடியல!" என்று பின்னாலிருந்து ஜாசுர் கத்தினான்.

"முடிஞ்ச மாதிரிதான்!" என்றாள் மெஹ்ரி, திரும்பிப் பார்க்காமலே. வாசலில் சூரியகாந்தி விதை விற்பவரின் கூடையை ஒரே தாவலில் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

அப்போது துர்னா அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. துர்னா என்றால் நாரை. குல்தெப்பா ஊருக்கு இருக்கும் ஒரே கால்பந்து அணி அதுதான். இன்று ஜெயித்தால் அடுத்த ஆண்டும் மேல் பிரிவில் விளையாடலாம். சமனில் முடிந்தால்கூடக் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். ஊரே வேலையைப் போட்டுவிட்டு மைதானத்தில் கூடியிருந்தது.

இப்படிப்பட்ட ஆட்டத்தை விட்டுவிட்டு யாராவது ஓடிவருவார்களா? குல்தெப்பாவில் வருவார்கள். காரணம், சுயுஞ்சி.

நல்ல செய்தியை முதலில் கொண்டுவருபவர் வாசலில் நின்று "சுயுஞ்சி!" என்று கூவுவார். செய்தி என்னவென்று தெரிவதற்கு முன்பே வீட்டுக்காரர் பரிசு தர ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்தாலும் சுயுஞ்சிதான், காணாமல்போன ஆடு திரும்பி வந்தாலும் சுயுஞ்சிதான். ஆனால் முதலில் வருபவருக்கு மட்டும்தான் பரிசு. இரண்டாவதாக வருபவருக்கு ஒரு கோப்பை தேநீர் கிடைத்தால் பெரிய விஷயம்.

போன முறை துர்னா ஜெயித்தபோது ஜாசுர் சைக்கிளில் பறந்து வந்து, மெஹ்ரியின் சொந்த வீட்டில், அவளுடைய சொந்த மாமாவிடமே சுயுஞ்சி வாங்கிப் போய்விட்டான். ஒரு பை நிறைய உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம். பள்ளியில் அவள் கண்ணெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மென்றான். அதை நினைத்தால் மெஹ்ரிக்கு இன்னும் வயிறு எரிந்தது. அவளிடம் சைக்கிள் கிடையாது. சீக்கிரம் கிளம்பினால்தான் உண்டு.

பாப்ளர் மரங்களின் மஞ்சள் இலைகள் காலடியில் நொறுங்க, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி ஓடினாள். காது அடைத்திருந்தது. தன் மூச்சைத் தவிர வேறெதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

வீட்டில் தோஹிர் மாமா காத்திருந்தார். அவர்தான் துர்னா அணியின் கர்னாய்க்காரர். கர்னாய் என்பது ஆள் உயரத்தைவிட நீளமான பித்தளைக் குழல். கல்யாணங்களில் ஊதுவார்கள். மாமா ஊதினால் பருத்தி வயலில் மேயும் கழுதைகூட நிமிர்ந்து பார்க்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் விழுந்ததும் மாமாவின் கர்னாய் மைதானத்தையே அதிரவைக்கும்.

ஆனால் இலையுதிர்காலம் தொடங்கியபோது ஒரு கோல் விழுந்தது. மாமா கர்னாயும் கையுமாக மேல்படியிலிருந்து துள்ளிக் குதித்தார். அது ஆஃப்சைடு, செல்லாது என்று எல்லைக்கோட்டு நடுவர் கொடியைக் காட்டுவதற்குள் மாமாவின் கால் ஒடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் "என்ன தோஹிர், நிஜமாவே நாரை ஆயிட்டியா? ஒத்தக் கால்ல நிக்கிறியே!" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இன்றைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. தலைநகரில் நடக்கும் பெரிய ஆட்டத்தைத்தான் காட்டினார்கள். செல்போனில் பார்த்திருக்கலாம். ஆனால் தான் செல்போனில் ஸ்கோர் பார்த்தால் துர்னா தோற்றுவிடும் என்பது மாமாவின் திடமான நம்பிக்கை. அதனால் செல்போனை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தார். அம்மா அதை மாவு டப்பாவில் வைத்திருந்தாள்.

"சுயுஞ்சி! சுயுஞ்சி, மாமா!"

முற்றத்து மரக்கட்டிலில் பஞ்சுக் கோட்டைப் போர்த்திக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தர்றேன்! என்ன வேணும்னாலும் தர்றேன்! சொல்லு கண்ணு!"

"ஒண்ணுக்கு சைபர்! நாம ஜெயிச்சிட்டோம்!"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இமையெல்லாம் ஈரமாக இருந்தது. பிறகு சட்டென்று கேட்டார்.

"விசில் அடிச்சாச்சா?"

மெஹ்ரி மூச்சு வாங்கினாள். அடித்திருப்பார்கள். பாலத்தைத் தாண்டும்போதே அடித்திருப்பார்கள். இந்நேரம் கண்டிப்பாக அடித்திருப்பார்கள்.

"ம்" என்று தலையை ஆட்டினாள்.

மாமா தன் கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றினார். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. துர்னா முதல் தடவையாக மேல் பிரிவுக்கு வந்த நாளில் வாங்கியது. அன்று விளையாடிய எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்து அழிந்துவிடும் என்று மாமா அதைத் துவைக்கவே விட்டதில்லை. அம்மா அதைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

"மாமா, இதா? இது உங்களோட..."

"இந்த மாதிரி செய்திக்கு வேற என்னத்தக் குடுக்கிறது?" மாமா அதை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். "அக்கா! அடுப்பப் பத்த வை! ஜெயிச்சா தெருவுக்கே ஓஷ் போடறேன்னு சொன்னேன்ல!"

ஓஷ் என்றால் கேரட்டும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் சோறு. அம்மா காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டுதான் மலைபோல் கேரட் நறுக்கி வைத்திருந்தாள். இப்போது சிரித்துக்கொண்டே பெரிய கொப்பரையின் கீழ் விறகைத் தள்ளினாள். எண்ணெய் புகைந்தது. வெங்காயமும் ஆட்டிறைச்சியும் அதில் விழுந்து சத்தம் போட்டன.

மாமா கர்னாயைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்துத் தூக்கி, கன்னம் இரண்டும் உப்ப ஊதினார்.

பூம்ம்ம்... பூம்ம்ம்!

முற்றத்துக் குர்மாப் பழ மரத்திலிருந்து ஆரஞ்சு நிறப் பழம் ஒன்று பொத்தென்று விழுந்தது. அம்மா கரண்டியோடு ஓர் ஆட்டம்கூட ஆடிவிட்டாள். மெஹ்ரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த மஃப்ளரை ஜாசுரிடம் காட்டியே ஆகவேண்டும். தெருவுக்கு ஓடினாள்.

மைதானத்திலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஜாசுர் சைக்கிளில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன ஜாசுர், பஞ்சரா? வேணும்னா உள்ள வா, தேநீர் தரச் சொல்றேன்! இதப் பாத்தியா?" என்று மெஹ்ரி மஃப்ளரின் நுனியை ஆட்டினாள்.

ஜாசுர் நின்றான். அவன் மூக்கு சிவந்திருந்தது.

"உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"கடைசியில ஒரு பந்து வந்துச்சு. வேகமாகூட வரல, சும்மா உருண்டுதான் வந்துச்சு. நம்ம கோல்கீப்பர் பஹ்ரோம் அண்ணா குனிஞ்சாரு. அப்படியே கைக்கு நடுவுல போயிருச்சு." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் விசில் அடிச்சிட்டாங்க."

பூம்ம்ம் என்று கர்னாய் மறுபடி முழங்கியது. தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்று மெஹ்ரியின் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள்.

"உங்க மாமா எதுக்கு ஊதுறாரு?" என்று கேட்ட ஜாசுரின் பார்வை மஃப்ளர்மேல் விழுந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, சொல்லிட்டியா?"

மெஹ்ரியின் கையிலிருந்து மஃப்ளரின் நுனி நழுவியது.

ஜாசுரின் அப்பா முரோத் கூட்டத்திலிருந்து வேகமாக வந்தார். "டேய் தோஹிர்! எங்களப் பாத்தா கிண்டலா இருக்கா? எழவு வீட்டுல வந்து கல்யாண மேளமா? நிறுத்துடா!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"நான் வேணா உள்ள போய்ச் சொல்லட்டுமா?" என்று ஜாசுர் மெல்லக் கேட்டான். இந்தத் தடவை அவன் பரிசுக்காகக் கேட்கவில்லை.

"வேணாம். நான்தான் சொல்லணும்" என்றாள் மெஹ்ரி.

உள்ளே மாமா அடுத்த ஊதலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். மெஹ்ரி அவர் கையைப் பிடித்தாள்.

"போதும் மாமா."

"என்ன கண்ணு? காது வலிக்குதா?"

"மாமா, விசில் அடிக்கல." அவர் கையை அவள் விடவில்லை. "நான் கெளம்பும்போது அடிக்கல. அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க கேட்டப்ப 'ம்'னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவங்க ஒரு கோல் போட்டுட்டாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. நாம இறங்கிட்டோம், மாமா."

அம்மா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

மாமா கர்னாயைக் கீழே இறக்கினார். தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பது போலக் கட்டிலில் தன் பக்கத்தில் அதைக் கிடத்தினார்.

மெஹ்ரி மஃப்ளரைக் கழற்றி நீட்டினாள். "இத வாங்கிக்கோங்க."

"சுயுஞ்சி குடுத்தா குடுத்ததுதான். திரும்ப வாங்குற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

"நான் பொய் சொல்லித்தானே வாங்கினேன்?"

"அத உங்கம்மா பாத்துப்பா. நான் செல்லாத கோலுக்குக் கால ஒடிச்சவன். அவசரத்தப் பத்தி உனக்கு நான் என்னத்தச் சொல்றது?"

மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. பெரியவர்கள் ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக அழுவதை மெஹ்ரி பார்த்ததே இல்லை. அவளும் அழுதாள். ஆட்டம் போனதற்காகவும் அழுதாள், அந்த ஒரு "ம்"முக்காகவும் அழுதாள். மஃப்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். அது கனத்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செர்ரி பழுத்தப்ப நாம எந்த இடத்துல இருந்தோம், ஞாபகம் இருக்கா?"

"முதல் இடம், மாமா."

"அப்ப நான் என்ன சொன்னேன்?"

"கோப்பைய வைக்க அலமாரி செய்யணும்னு சொன்னீங்க."

"செஞ்சும் வெச்சான்" என்றாள் அம்மா. "அதுல இப்ப என் தக்காளி ஊறுகா இருக்கு."

"எவ்வளவு நல்லா இருந்துச்சு அப்ப!" என்றார் மாமா. "பாதாமிக் காலத்துல நம்ம கோல் போடற பையனத் தலைநகர்க்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. சரி, போகட்டும், சமாளிச்சிடலாம்னு நெனச்சேன். முலாம்பழம் வந்தப்ப கோச் போயிட்டாரு. முலாம்பழம் தீர்றதுக்குள்ள புதுசா வந்த கோச்சும் போயிட்டாரு."

"திராட்சை வந்தப்ப உங்க கால் போச்சு."

"அது என் தலையெழுத்து, அத விடு." மாமா கர்னாயின் பித்தளையைத் தடவினார். "இன்னைக்குத்தான் இறங்கினோம்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கென்னமோ கோடை முழுக்க நாம ஒவ்வொரு படியா இறங்கிட்டே இருந்தோம்னுதான் தோணுது. இன்னைக்குக் கடைசிப் படி. ஆமா, அந்தக் கோல் எப்படிப் போச்சு?"

"பஹ்ரோம் அண்ணா கைக்கு நடுவுல போயிருச்சாம்."

மாமாவின் முகம் மாறியது. பஹ்ரோமும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பஹ்ரோமின் வீடும் இதே தெருக்கோடியில்தான் இருந்தது.

"ஐயோ! நான் ஊதினது அவனுக்குக் கேட்டிருக்குமே! என்ன நெனச்சிருப்பான்?" மாமா ஊன்றுகோலைத் தேடி எழப்போனார்.

"உக்காருங்க, மாமா. நான் போறேன்" என்றாள் மெஹ்ரி.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பஹ்ரோம் தோளில் பையோடு தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். அந்தத் தெருவில் பொழுது சாயும்வரை யாரும் கதவைச் சாத்துவதில்லை. இன்று அவர் நெருங்கி வர வர, ஒவ்வொரு வீட்டுக் கதவாக மூடிக்கொண்டது. யாரும் திட்டவில்லை. கதவுகள் மட்டும் டக், டக் என்று மூடின. போன வாரம்கூட இதே ஆட்கள் அவரை நிறுத்தி நிறுத்திக் கைகொடுத்தவர்கள்தான்.

அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் பஹ்ரோம் நின்றார்.

"மெஹ்ரி, உங்க மாமா நல்லா மூச்சுப் பிடிச்சு ஊதினாருன்னு சொல்லு. மைதானத்து வாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"மாமா உங்களக் கிண்டல் பண்ணி ஊதல, அண்ணா. நாம ஜெயிச்சிட்டோம்னு நெனச்சு ஊதினாரு. நான்தான் சுயுஞ்சிக்காக விசிலுக்கு முன்னாடியே ஓடி வந்துட்டேன். விசில் அடிச்சாச்சான்னு கேட்டதுக்கு ஆமான்னு வேற சொல்லிட்டேன்."

பஹ்ரோம் அவளையே பார்த்தார்.

"நீ கெளம்பினப்ப ஸ்கோர் என்ன?"

"ஒண்ணுக்கு சைபர்."

"நாம ஜெயிச்சிட்டு இருந்தோம், இல்ல?"

"ஆமா, அண்ணா."

பஹ்ரோம் பெருமூச்சு விட்டார். "அடடா, நானும் உன்கூடவே ஓடி வந்திருக்கலாம்."

சிரிப்பதா வேண்டாமா என்று மெஹ்ரிக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது.

"உள்ள வாங்க, அண்ணா. மாமா உங்களப் பாக்கணும்னு சொன்னாரு."

"வேணாம்மா. இன்னைக்கு என் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சோறு இறங்காது." அவர் நடந்து போனார். தெருவிலேயே கடைசியாக அவர் வீட்டுக் கதவும் மூடியது.

மெஹ்ரி உள்ளே வந்தபோது, கொப்பரையில் கேரட்டும் இறைச்சியும் வெந்து மணந்தன. ஊறவைத்த அரிசி பக்கத்தில் பாத்திரம் நிறைய இருந்தது.

"இத இப்ப என்ன செய்யறது? அடுப்ப அணைச்சா எல்லாம் பாழாப் போயிரும். அணைக்காம விட்டா, எவன் இப்ப விருந்து சாப்பிட வருவான்?" என்று அம்மா புலம்பினாள்.

மெஹ்ரி கொப்பரையைப் பார்த்தாள். பிறகு, மூடிய கதவுகளை நினைத்தாள்.

"அம்மா, போன மாசம் கபூர் தாத்தா செத்தப்ப தெருவே கூடி உக்காந்து ஓஷ் சாப்பிட்டோமே. அது விருந்தா?"

"அது துக்கத்துக்குப் போட்டது. அதுக்கு வரமாட்டேன்னு யாரும் சொல்ல முடியாது."

"இன்னைக்கும் துக்கம்தானே?"

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தன் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அரிசியப் போடு, அக்கா" என்றார்.

மெஹ்ரி தெருவின் ஒரு பக்கமும் ஜாசுர் மறுபக்கமும் கதவு தட்டினார்கள். முதலில் திறந்தவர் ஜாசுரின் அப்பாதான். இன்னும் கோபமாக இருந்த முரோத் தன் வாசலில் நின்ற மெஹ்ரியை முறைத்தார்.

"உங்க வீட்டுல இப்ப எதுக்கு ஓஷ்?"

"எங்க மாமா தப்பா ஊதிட்டாரு. ஆனா அது அவர் தப்பில்ல, நான்தான் தப்பா செய்தி சொன்னேன். இது துக்கத்து ஓஷ். துர்னாவுக்காக."

முரோத் முறைப்பதை விட்டார். துக்கத்து ஓஷுக்கு அழைத்தால் போகாமல் இருக்க முடியாது. உள்ளே போய்த் தன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

கடைசியாக மெஹ்ரி பஹ்ரோமின் கதவைத் தட்டினாள்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே, மெஹ்ரி."

"அப்ப நான் சும்மா கூப்பிட்டேன். இப்ப துக்கத்துக்குக் கூப்பிடறேன். வரமாட்டேன்னு சொல்லக் கூடாது, அண்ணா."

பஹ்ரோம் கதவை அகலத் திறந்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

முற்றம் நிறைந்திருந்தது. துக்க வீட்டில் இருப்பது போலவே எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, பெரிய தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பஹ்ரோம் உள்ளே வந்ததும் அந்தப் பேச்சும் நின்றது. உட்கார எங்கும் இடமில்லை. இடம் விடவும் யாரும் நகரவில்லை. அவர் வாசலிலேயே தலை குனிந்து நின்றார்.

மாமா ஊன்றுகோல்கூட இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டுப்போட்ட காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, தள்ளாடி நின்று, தன் இடத்தைக் காட்டினார்.

"இங்க வந்து உக்காருடா, பஹ்ரோம்."

எவ்வளவு அடக்கியும் முரோத்தால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. "பாருங்கப்பா, நாரையே எழுந்து நின்னுருச்சு" என்றார்.

யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். முரோத் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். "டேய் தோஹிர், நீ விழுந்து இன்னொரு கால ஒடிச்சிக்காத, உக்காரு. பஹ்ரோம், நீ இங்க வா." பஹ்ரோம் வந்து உட்கார்ந்ததும், ரொட்டியைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தார். துக்கத்தில் கூடியிருக்கும்போது யாரும் யாரையும் எப்படி ஆச்சு, ஏன் ஆச்சு என்று குடைந்து கேட்பதில்லை. இங்கும் கேட்கவில்லை.

மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. செர்ரிக் காலத்து ஆட்டங்களைப் பற்றிச் சொன்னார்கள். மழையில் நனைந்துகொண்டே பார்த்த அந்த ஒரு வெற்றியைப் பற்றிச் சொன்னார்கள். நடுநடுவே யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போனது போனதுதான். ஓஷ் சாப்பிட்டதால் துர்னா மேல் பிரிவுக்குத் திரும்பப் போய்விடவில்லை.

மெஹ்ரி தேநீர்க் கெண்டியோடு ஒவ்வொருவரிடமும் போனாள். பஹ்ரோமின் கோப்பையில் ஊற்றும்போது அவள் கை நின்றது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் வேறு அணிக்குப் போய்விடுவார்கள் என்று ஜாசுர் சொல்லியிருந்தான்.

"நீங்களும் போயிருவீங்களா, அண்ணா?"

பஹ்ரோம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பெரிய கைகள். நடுவில் நிறைய இடம் இருந்தது.

"மத்தியானம் வரைக்கும் போகலாம்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். பக்கத்து ஊர்க்காரங்க கேட்டாங்க." அவர் கோப்பையைக் கையில் எடுத்தார். "இப்ப இப்படியே விட்டுட்டுப் போனா, நான் எங்க போனாலும் அந்தப் பந்து உருண்டு பின்னாலயே வரும். கீழ்ப் பிரிவுலயும் கம்பத்துக்கு நடுவுல ஒரு ஆள் நிக்கணும்ல? நான் நிக்கிறேன்."

மெஹ்ரியின் கால்கள் தாமாகவே ஓடத் துடித்தன. அவள் ஓடவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

"விசில் அடிச்சாச்சா?"

பஹ்ரோம் அவளைப் பார்த்தார். பிறகு, எண்ணெய் மினுங்கும் இரண்டு விரல்களை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். முற்றமே திரும்பிப் பார்த்தது.

மெஹ்ரி கெண்டியைக் கீழே வைத்தாள். ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, யார் காலையும் மிதிக்காமல், மாமாவின் கட்டிலுக்குப் போனாள். அவர் காதருகே குனிந்தாள்.

"சுயுஞ்சி, மாமா."

மாமா அவளை நம்பாதவர் போலப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, "தர்றேன், சொல்லு" என்றார்.

"பஹ்ரோம் அண்ணா போகல. அடுத்த வருஷமும் நம்மகூடத்தான்."

மாமா நிமிர்ந்தார். தூரத்தில் உட்கார்ந்திருந்த தன் பழைய பெஞ்சுக் கூட்டாளியைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கர்னாயைப் பார்த்தார். அதை எடுக்கவில்லை. அதற்கு இன்னும் நாள் இருந்தது.

"என்ன வேணும் கண்ணு, கேளு" என்றார் கடைசியில், கரகரத்த குரலில்.

மெஹ்ரி கழுத்திலிருந்த மஃப்ளரை இழுத்து இறுக்கிக்கொண்டாள். இப்போது அது கனக்கவில்லை.

"இதுக்குத்தான் முன்னாடியே குடுத்துட்டீங்களே, மாமா."